அமெரிக்கக் கதாபாத்திரத்துக்குச் சிரிப்பு வரும்படி பெயர் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1995இல் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்கு 'ஃபைட்டிங் பேஸ்பால்' என்றொரு வீடியோ கேம் வந்தது. ஆட்டம் அமெரிக்க ஆட்டம், ஆனால் அமெரிக்க வீரர்களின் நிஜப் பெயர்களைப் போட உரிமை இல்லை. சரி, நாமே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஸ்லீவ் மெக்டைக்கேல், பாப்சன் டக்நட், மைக் செர்னாண்டஸ், டாட் பான்சாலெஸ். இத்தனை வருடம் ஓடியும் அந்தப் பட்டியல் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பார்க்கும் அமெரிக்கர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

நமக்கு அந்தச் சிரிப்பு உடனே பிடிபடாது. அதே வேலையைத் தமிழில் செய்து பாருங்கள். தமிழே தெரியாத ஒருவர் நம்மூர் கபடி அணிக்குப் பெயர் வைக்கிறார் என்று வையுங்கள்: சுருகேசன், டுப்பிரமணி, போவிந்தராஜ், கன்னீர்செல்வம். இப்போது புரிந்திருக்கும். முருகேசனில் முதல் எழுத்து மட்டும்தான் தடுக்கி விழுந்திருக்கிறது, மீதியெல்லாம் பத்திரமாக இருக்கிறது. கான்சாலெஸ் பான்சாலெஸ் ஆனதும், ஃபெர்னாண்டஸ் செர்னாண்டஸ் ஆனதும் இதே கதைதான். பெயர் முக்கால்வாசி நிஜமாக இருந்து கால்வாசி சறுக்க வேண்டும். முழுக்கச் சறுக்கினால் அது வெறும் சத்தம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தமிழில் நகைச்சுவைக் கதை எழுதுகிறவர்கள், குறுநாடகம் போடுகிறவர்கள், காமிக்ஸ் வரைகிறவர்கள் ஓர் அமெரிக்கரைக் கொண்டுவர வேண்டியிருந்தால் 'ஜான்', 'பீட்டர்', 'மைக்கேல்' என்று முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். பெயரிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம், அதற்கு 180 வருடத்துக்கு மேற்பட்ட மரபே இருக்கிறது. எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: யாருடைய காதால் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

அமெரிக்கப் பெயரைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று செய்யவில்லை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1842இல் அமெரிக்கா போய்ச் சுற்றிவிட்டு, 1843-44இல் தொடராக எழுதிய நாவலில் கதாநாயகனை அங்கே அனுப்பினார். அங்கே அவன் சந்திக்கும் ஆட்களின் பெயர்கள்: ஜெஃபர்சன் பிரிக், லஃபாயெட் கெட்டில், ஹானிபல் சோலப். பிரிக் என்றால் செங்கல், கெட்டில் நமக்கே தெரியும். முன்னால் நாட்டை உருவாக்கிய மாமனிதர், பின்னால் கட்டுமானப் பொருள். அந்த ஜெஃபர்சன் பிரிக் ஒரு நியூயார்க் பத்திரிகையின் போர்ச் செய்தியாளர், ஆனால் ஆளைப் பார்த்தால் சின்னப் பையன் மாதிரி இருப்பார். வெளியூர்க்காரனின் கண் இது: இவர்கள் தங்களைப் பற்றி எவ்வளவு பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்ற ஆச்சரியம்.

அமெரிக்கர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டது வேறு ருசி. உள்நாட்டுப் போர்க் காலத்தில் டேவிட் ராஸ் லாக் என்பவர் 'பெட்ரோலியம் வெசூவியஸ் நாஸ்பி' என்ற பெயரில் எழுதினார். கச்சா எண்ணெயும் எரிமலையும் சேர்ந்த பெயர்! லிங்கன் அந்த எழுத்தை விரும்பிப் படித்தார்.

மூன்றாவது, தூரத்திலிருந்து ஆசையோடு பார்ப்பவர்கள். லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரைத் தெரியாமல் இருக்காது. டெக்ஸாஸின் 'டெக்ஸ்', அசல் அமெரிக்கப் பெயர் என்றுதான் நாம் நினைத்திருப்போம், ஆனால் அது 1948இல் இத்தாலியில் பிறந்தது. முதலில் யோசித்த பெயர் டெக்ஸ் கில்லர். ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கிறது என்று ஓர் எழுத்தை மாற்றி வில்லர் ஆக்கினார்கள். இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு மாதிரி மிகைப்படுத்தலுக்கும் ஒரு திருகு இருக்கிறது. கில்லர் என்றால் கேலிச்சித்திரம். வில்லர் என்றால் எழுபது வருடத்துக்கு மேல் தாங்கும் கதாநாயகன். உங்கள் ஆள் ஒரு காட்சிக்கு வந்துபோகிறவரா, நாவல் முழுக்க இருக்கிறவரா என்று பார்த்துவிட்டுத் திருகைத் தொடுங்கள்.

படி 2: முன்பெயரில் பெற்றோரின் ஆசை தெரியட்டும்

பெயரை யாரும் தனக்குத்தானே வைத்துக்கொள்வதில்லை, அப்பா அம்மா வைக்கிறார்கள். அதனால் முன்பெயர் என்பது அந்த ஆளைப் பற்றியதே இல்லை, அவனைப் பெற்றவர்களின் கனவைப் பற்றியது. அந்தக் கனவுக்கும் வளர்ந்து நிற்கும் மனிதனுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் சிரிப்பு. ஆஸ்கர் வைல்டு 1887இல் எழுதிய ஒரு பேய்க்கதையில் ஓர் அமெரிக்கத் தூதர் குடும்பம் இங்கிலாந்தில் மாளிகை வாங்கிக் குடியேறும். மூத்த மகன் பெயர் வாஷிங்டன். தேசப்பற்று பொங்கிய ஒரு நேரத்தில் பெற்றோர் வைத்துவிட்டார்கள், அவன் காலமெல்லாம் அதற்காக வருந்துகிறான். இரட்டைத் தம்பிகளுக்கு அமெரிக்கக் கொடியின் பெயரே பட்டப்பெயர்: நட்சத்திரங்களும் பட்டைகளும்.

கனவு எங்கிருந்தெல்லாம் வரலாம்? குடியரசுத் தலைவர்களிடமிருந்து (லிங்கன், ஜாக்சன், மேடிசன்), பைபிளின் பழைய ஏற்பாட்டிலிருந்து (ஹைரம், எஸெக்கியேல், ஒபதாயா), பழங்கால வீரர்கள், மன்னர்களின் பெருமையிலிருந்து (யுலிஸிஸ், ஹானிபல், சைரஸ்), மாநிலங்கள் ஊர்களிலிருந்து (டகோட்டா, டல்லாஸ், மான்டானா). அப்புறம் ஓரசைப் பெயர்கள்: பக், சக், பிராக், பிஃப். இவை கதவில் இடித்துக்கொண்ட மாதிரி ஒலிக்கும், தோள் அகன்ற ஆட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ரொம்பத் தூரம் போகிறோமோ என்று பயப்பட வேண்டாம். நிஜம் நமக்கு முன்னாலேயே போய் நிற்கிறது. அமெரிக்க பேஸ்பாலின் முதல் ஆணையர் பெயர் கெனசா மவுன்டன் லாண்டிஸ். அவருடைய அப்பா உள்நாட்டுப் போரில் கெனசா மலைச் சண்டையில் காயம்பட்டவர், பிறந்த மகனுக்கு அந்த மலையையே பெயராக வைத்துவிட்டார். பழைய நியூயார்க்கில் ஒரு பெரிய கப்பல் வணிகர் இருந்தார், 1766இல் பிறந்து 1846இல் இறந்தவர், பெயர் பிரிசர்வ்டு ஃபிஷ். பாவத்திலிருந்து காக்கப்பட்டவன் என்று பக்தியோடு வைத்த பெயர்தான், குடும்பப் பெயர் மீனாகப் போய்விட்டதால் இன்றைக்குக் கேட்டால் டப்பாவில் அடைத்த மீன் ஞாபகம் வருகிறது. இந்த மாதிரி நிஜப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், கற்பனை வறண்டுபோகும் நாட்களில் அந்த நோட்டு கை கொடுக்கிறது.

படி 3: நடு இனிஷியலைச் சும்மா விடாதீர்கள்

தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நமக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயர், அது முன்னால் வரும். அமெரிக்கரின் நடு எழுத்து அவருடைய சொந்த இரண்டாம் பெயரின் சுருக்கம். 'டி. ரூஃபஸ்' என்று எழுதிவிட்டால் தமிழ் வாசகர் மனதில் அவருடைய அப்பா தங்கராஜ் ஆகிவிடுவார். நடுவில் வைத்தால்தான் அமெரிக்கா. 1933இல் ஒரு படத்தில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் குரவுச்சோ மார்க்ஸ் நடித்த சர்வாதிகாரியின் பெயர் ரூஃபஸ் டி. ஃபயர்ஃபிளை. ஃபயர்ஃபிளை என்றால் மின்மினிப்பூச்சி. அந்த 'டி' ஒரு நொடி கோட்டு சூட்டு போட்டு நிற்கிறது, அடுத்த நொடியில் மின்மினி பறக்கிறது.

அந்த எழுத்துக்கு ஓர் அர்த்தமும் இல்லாமல் இருப்பதே கூட நடக்கும். ஹாரி எஸ். ட்ரூமனின் 'எஸ்' எந்தப் பெயரின் சுருக்கமும் இல்லை, இரண்டு தாத்தாக்களின் பெயரிலும் 'எஸ்' இருந்ததால் யாருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று எழுத்தை மட்டும் வைத்தார்கள்.

கெட்டிக்காரர்கள் இந்த எழுத்தையே கண்ணியாக வைப்பார்கள். நாஸ்பியின் காலத்திலேயே இன்னொருவர் 'ஆர்ஃபியஸ் சி. கெர்' என்ற பெயரில் எழுதினார். வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: ஆஃபீஸ் சீக்கர். லிங்கன் பதவிக்கு வந்ததும் அரசு வேலை கேட்டு வாசலில் குவிந்த கூட்டத்தைத்தான் அப்படிக் குத்தினார். டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் 1939இல் ஒரு படத்தில் சர்க்கஸ் முதலாளியாக வந்தார், பெயர் லார்ஸன் இ. விப்ஸ்னேட். லார்ஸன் இ, லார்ஸனி, அதாவது திருட்டு. ஸ்டான்லி குப்ரிக் 1964இல் எடுத்த அணுகுண்டுப் படத்தில் உலகத்தையே அழிக்கக் கிளம்பும் தளபதி ஜாக் டி. ரிப்பர். லண்டனை நடுங்கவைத்த கொலைகாரன் ஜாக் தி ரிப்பர், நடுவில் இருந்த 'தி' 'டி' ஆகி ராணுவத்தில் சேர்ந்துவிட்டது. தமிழ் எழுத்தில் இது ஆங்கிலத்தைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

ஒரு விதிவிலக்கு. எழுத்தை முன்னால் வைத்து நடுப்பெயரை முழுதாக எழுதினால் அது பெரும் பணக்காரரின் பெயர். வோட்ஹவுஸ் கதையில் வரும் கோடீஸ்வரர் ஜே. வாஷ்பர்ன் ஸ்டோக்கர் அப்படி. இதைச் செய்தால், அந்த 'ஜே' அவருடைய சொந்தப் பெயர்தான் என்பதைக் கதையில் எங்காவது ஒரு வரியில் தெரியப்படுத்திவிடுங்கள்.

படி 4: பின்பெயரில் சறுக்குங்கள்

சறுக்கல் பின்பெயரில் வர வேண்டும், வாக்கியத்தின் கடைசியில் வெடிக்கிற மாதிரி. மூன்று வழி தெரியும் எனக்கு.

ஒன்று, ஓர் எழுத்தை மாற்றுவது, பான்சாலெஸ் வழி. இரண்டு, வீட்டுச் சாமான், கெட்டில் வழி. மூன்று, சொற்களை ஒட்டவைப்பது. 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மோசமான படங்களைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்வார்கள். தென்னாப்பிரிக்காவில் எடுத்த ஒரு பழைய விண்வெளிப் படத்தை 1997இல் எடுத்துக்கொண்டார்கள், கதாநாயகன் கழுத்தே இல்லாத அளவுக்கு உடம்பு வளர்த்தவர், அவர் திரைக்கு வரும்போதெல்லாம் ஒரு புதுப் பெயர் சூட்டிக்கொண்டே போனார்கள். ஸ்லாப் பல்க்ஹெட், ஃபிரிட்ஜ் லார்ஜ்மீட், பட்ச் டெட்லிஃப்ட், பிக் மெக்லார்ஜ்ஹ்யூஜ். முன்னால் ஓரசையில் கனமான பொருள், பின்னால் இறைச்சி, எலும்பு, இரும்பு ஏதாவது. கடைசிப் பெயரில் 'மெக்' பார்த்தீர்களா, ஐரிஷ்-ஸ்காட்டிஷ் மொழிகளில் 'மகன்' என்று பொருள், அதை எதன் முன்னால் ஒட்டினாலும் பாதிப் பெயர் தானாகவே நிஜமாகிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். காரணம் எளிது: நம் வீட்டில் புழங்கும் எத்தனையோ சாமான்களுக்கு ஆங்கிலப் பெயர்தான். பக்கெட், கெட்டில், ஸ்பேனர், பம்பர், வாஷர், கேஸ்கட். அமெரிக்கப் பெயர் மாதிரியும் ஒலிக்கும், நம் பாட்டிக்கும் அர்த்தம் தெரியும். அதற்காகத் தமிழ்ச் சாமானைப் போடாதீர்கள். 'டாம் சாம்பார்' என்றால் அமெரிக்கர் காணாமல் போய்விடுவார், எழுதியவர்தான் தெரிவார்.

படி 5: தமிழில் எழுதி, உருபு சேர்த்து, வாய்விட்டுச் சொல்லுங்கள்

ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலை வைத்து நிறையச் சிரிக்கவைப்பார்கள். ஜாக்சனில் நடு எழுத்துகளை மாற்றி 'எக்ஸ்' போடுவார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ஜாக்சன், சிரிப்பு ஆவியாகிவிடும். அதே மாதிரி நம் 'ப' இரண்டு ஒலிக்கும், 'ட' இரண்டு ஒலிக்கும் பொது. ஒலி மெல்லிதாக மாறினால் போதும் என்று கணக்குப் போட்டால் வாசகருக்கு மாற்றமே தெரியாது. மாற்றம் எழுத்திலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும்: மு, சு. கா, பா.

அடுத்தது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் பெயர் அப்படியே நிற்கும், தமிழில் வரிக்கு வரி ஐ, ஆல், கு, இன் என்று வந்து ஒட்டும். 'பிரிக்' தனியாக அழகு, 'பிரிக்குக்கு' என்று சொன்னால் விக்கல் மாதிரி இருக்கிறது. 'மெக்லார்ஜ்ஹ்யூஜுக்கு' என்று எழுதிவிட்டு அடுத்த பத்தி எழுதவே மனம் வராது. 'கெட்டிலை, கெட்டிலுக்கு, கெட்டிலோடு' எவ்வளவு வழவழப்பாகப் போகிறது பாருங்கள். முடிவு செய்வதற்கு முன் எல்லா உருபையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

படி 6: ஒரு பெயரைக் கட்டிப் பார்ப்போம்

ஆள்: ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர், பழைய கார் விற்கிறவர், வயது 58, மேயராக ஆசை.

முன்பெயருக்கு ஒஹையோவைப் பிடித்துக்கொள்வோம். உள்நாட்டுப் போரின் பெருந்தளபதி யுலிஸிஸ் எஸ். கிராண்ட் 1822இல் பிறந்த மாநிலம் அது. அந்த ஊர் அப்பா மகனுக்கு யுலிஸிஸ் என்று வைத்தால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். (கிராண்டின் 'எஸ்' கூட அவர் வைத்துக்கொண்டதில்லை, ராணுவக் கல்லூரிக்குப் பரிந்துரைத்தவர் தப்பாக எழுதிக்கொடுத்தது. நிஜப் பெயர் ஹைரம் யுலிஸிஸ்.)

பின்பெயர் கார் சாமானாக இருக்கட்டும். முதலில் மட்கார்டு. கேட்டதும் சிரிப்பு வருகிறது, ஆனால் கடைசியில் 'டு' வந்ததால் முழுக்க நம்மூர்ச் சொல் ஆகிவிட்டது, அமெரிக்காவில் அதை ஃபெண்டர் என்பார்கள் வேறு. பம்பர்? அங்கேயும் பம்பர்தான், ஆனால் நமக்கு லாட்டரிப் பரிசு ஞாபகம் வந்துவிடும், வேறு பாதையில் போய்விடும். கேஸ்கட்? இன்ஜினிலும் இருக்கிறது, குக்கர் மூடியிலும் இருக்கிறது, அமெரிக்காவிலும் அதே பெயர். அதைவிட முக்கியம், பெக்கட், ஹாக்கட் என்று 'கட்'டில் முடியும் நிஜப் பின்பெயர்கள் அங்கே உண்டு, அந்த வரிசையில் இதுவும் அமைதியாகப் போய் நின்றுகொள்ளும். கேஸ்கட்டை, கேஸ்கட்டுக்கு, கேஸ்கட்டோடு, ஒன்றும் தடுக்கவில்லை.

இனிஷியல். 'கே' வைத்தால் கேஸ்கட்டோடு மோதுகிறது. 'எச்' நாக்கை இழுக்கிறது. 'டி' பட்டென்று மூடுகிறது. யுலிஸிஸ் டி. கேஸ்கட். ஊரில் வேண்டாதவர்கள் 'யூ டி கேஸ்கட்' என்று சொல்லலாம், மனைவி 'யூலி' என்று கூப்பிடலாம். ஒரு பெயரிலிருந்து இப்படிச் சின்னப் பெயர்கள் கிளைத்தால் அது வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

படி 7: அந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள்

1937இல் வந்த மார்க்ஸ் சகோதரர்கள் படத்தில் குரவுச்சோ குதிரை வைத்தியர், மனித டாக்டராக நடிப்பார். முதலில் வைத்த பெயர் குவாக்கன்புஷ். 'குவாக்' என்றால் போலி டாக்டர், அதனால் பிரமாதமான பெயர் என்று நினைத்தார்கள். விசாரித்தால் அந்தப் பெயரில் நிஜ டாக்டர்களே இருந்தார்கள். வழக்கு வரும் என்று பயந்து ஹாக்கன்புஷ் ஆக்கினார்கள். நமக்கு இன்று தேடுவது இரண்டு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

படி 8: யாரைத் தொடக்கூடாது

இதை அவசரமாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. 'சிம்ப்ஸன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 1990இல் ஒரு கடைக்காரர் அறிமுகமானார், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய இந்தியர், பெயர் அபு நஹாசபீமாபெட்டிலான். எந்தத் தமிழரும், எந்தக் குஜராத்தியும், எந்த வங்காளியும் அந்தப் பின்பெயரை எங்கேயும் கேட்டிருக்க மாட்டார்கள். 'இவர்கள் பெயர் நீளமாக, வாயில் நுழையாமல் இருக்கும்' என்பதைத் தவிர அதில் வேறு விஷயம் கிடையாது. அமெரிக்காவில் வளர்ந்த நம் பிள்ளைகளை அந்தப் பெயரைச் சொல்லிப் பள்ளியில் சீண்டியிருக்கிறார்கள். முக்கால்வாசி நிஜம் என்ற விதியை அந்தப் பெயர் மதிக்கவில்லை, ஏனென்றால் அதை எழுதியவர்களுக்கு நிஜம் தேவைப்படவில்லை.

கறுப்பினப் பெயர்களிலும் அதே கவனம் வேண்டும். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ரண்டும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தரமான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். எமிலி, கிரெக் மாதிரியான பெயர்களுக்கு வந்த அழைப்புகள், லகீஷா, ஜமால் மாதிரியான பெயர்களுக்கு வந்ததைவிட 50 சதவீதம் அதிகம். 2004இல் வெளியான ஆய்வு அது. ஒரு பெயரால் வேலை போகிற இடத்தில், அந்தப் பெயரை வெளியிலிருந்து நாம் போய்க் கேலி செய்யக்கூடாது. கீ, பீல் என்ற இரண்டு கறுப்பின நகைச்சுவை நடிகர்கள் 2012இல் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்லும் காட்சி ஒன்றைச் செய்தார்கள், ஹிங்கிள் மெக்ரிங்கிள்பெர்ரி என்றெல்லாம் பெயர்கள் வரும். அது அவர்கள் வீட்டுக் கேலி. 2015இல் அதே காட்சியை மறுபடி செய்தபோது ஹா ஹா கிளின்டன்-டிக்ஸ் போன்ற நிஜ வீரர்களையே நிஜப் பெயரோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள், அவர்களும் சந்தோஷமாக வந்து நின்றார்கள்.

அதிகாரம் இருப்பவர்களைப் பிடியுங்கள்: தளபதி, கோடீஸ்வரர், மேயர், பத்திரிகை முதலாளி. டிக்கன்ஸ் முதல் குப்ரிக் வரை அடி விழுந்தது அங்கேதான்.

படி 9: கதைக்குள் யாரும் சிரிக்கக்கூடாது

பெயரைக் கேட்டுப் பக்கத்தில் இருக்கும் பாத்திரம் சிரித்துவிட்டால் வாசகருக்குச் சிரிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. ஜோசஃப் ஹெல்லர் 1961 நாவலில் மேஜர் மேஜர் மேஜர் மேஜர் என்று ஒருவரைக் கொண்டுவந்தார். குடும்பப் பெயரே மேஜர். அவருடைய அப்பா, அம்மாவிடம் 'கேலப்' என்று வைத்ததாகச் சொல்லிவிட்டு, பதிவில் முன்பெயரும் நடுப்பெயரும் மேஜர் என்று எழுதிவிடுகிறார். ராணுவத்தில் சேர்ந்ததும் ஓர் இயந்திரம் அவருக்கு மேஜர் பதவி கொடுத்துவிடுகிறது. கதைக்குள் அது கேலியே இல்லை, அவருக்கு அது வாழ்க்கை முழுவதும் தனிமை. பெயர் ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்த்து எழுதினால் சிரிப்போடு சேர்ந்து ஒரு வலியும் வரும்.

சுற்றியிருப்பவர்களுக்குச் சாதாரணப் பெயர் வையுங்கள். கீயும் பீலும் அத்தனை விசித்திரப் பெயர்களுக்கும் பிறகு கடைசியில் நிறுத்திய ஆளின் பெயர் டான் ஸ்மித், அந்தச் சாதாரணம்தான் அங்கே சிரிப்பு. நம் கேஸ்கட்டை இப்படி இறக்கிவிடலாம்:

'தேர்தல் அலுவலர் விண்ணப்பத்தைப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். "டி எதன் சுருக்கம்?" என்று கேட்டார். "டெஸ்டினி," என்றார் யுலிஸிஸ் டி. கேஸ்கட். அலுவலர் எழுதிக்கொண்டார். வரிசையில் அடுத்து நின்ற பாப் மில்லர் தன் படிவத்தை நீட்டினார்.'